மஞ்சள் குழாய்

மடிக்கணினித் திரையில் பதினோரு சிவப்புப் புள்ளிகள்.

சுஹைலா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணினாள். பதினொன்றேதான். ஒவ்வொரு புள்ளியும் முதல் ரவுண்டில் எஞ்சினுக்குள் விழுந்த ஒரு சுத்தியல் அடி. பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டன் தலையில் விழுந்த அடி. இன்னும் நாலு சுற்று இதே வேகத்தில் ஓடினால் பிஸ்டன் பொத்துக்கொள்ளும்.

நிமிர்ந்து பார்த்தாள். ஃபத்லானின் வெள்ளை டர்போ கார் இரண்டாவது ரவுண்டுக்காகப் பந்தயப் பாதைக்குள் இறங்கிவிட்டிருந்தது.

போன மாதம் இதே நேர்ப்பாதையில்தான் அவள் டியூன் செய்த இன்னொரு கார் புகைந்து நின்றது. ஆயில் பம்ப் செத்ததுதான் காரணம். யார் கேட்டார்கள்? 'சுஹைலா கை வைத்தால் எஞ்சின் காலி' என்று ஷா ஆலம் நகரம் முழுக்கப் பேச்சு. ஏழு பேர் கொடுத்திருந்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இன்று இன்னொன்று வெடித்தால் பட்டறைக்குப் பூட்டுதான். ஃபத்லானுக்கும் கையொடிந்த மாதிரிதான். வீட்டில் இருப்பது இந்த ஒரே கார். திங்கட்கிழமை காலை அவன் மனைவி நட்ரா இரண்டு பிள்ளைகளையும் இதில்தான் பள்ளியில் விட வேண்டும்.

அதற்காகவே சுஹைலா அந்தக் காரின் கணினியில் இரண்டு மேப், எஞ்சின் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் நிரல், எழுதியிருந்தாள். வீட்டுக்கு ஒன்று, சாதாரணத் தொண்ணூற்றைந்து ஆக்டேன் பெட்ரோலுக்கு. பந்தயப் பாதைக்கு ஒன்று, உசத்தியான நூறு பெட்ரோலுக்கு. ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்.

காலையிலேயே கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை டாங்கை வழித்துவிட்டு நூறு போட்டதாகவும், எடை குறையட்டும் என்று பாதி டாங்கோடு நிறுத்தியதாகவும் ஃபத்லான் சத்தியம் செய்தான். பொய் சொல்கிற ஆள் இல்லை.

பிறகு எப்படி?

வாட்ஸ்அப் குழுவில் அவன் ஒரு படம் போட்டிருந்தான். டர்போ அழுத்தத்தைக் காட்டும், புதிதாக வாங்கிய பூஸ்ட் மீட்டர், முதல் ரவுண்டு முடிந்த கையோடு, பெருமைக்கு. அந்த மீட்டரைப் பெட்ரோல் முள்ளை மறைத்து ஒட்டியிருந்தான் மகராசன். ஆனால் படம் பக்கவாட்டில் எடுத்தது. மீட்டருக்குப் பின்னாலிருந்து முள்ளின் நுனி எட்டிப் பார்த்தது.

முக்கால் டாங்க்.

பாதி டாங்கில் கிளம்பி, நாற்பது கிலோமீட்டர் வந்து, நாலு சுற்று விரட்டிய பிறகு முக்கால் டாங்கா? பெட்ரோல் குட்டி போடுமா என்ன?

நட்ராவுக்குப் போன் அடித்தாள்.

"நேத்து ராத்திரி நான்தான் ஃபுல் பண்ணினேன்க்கா. விடியக்காலையில கிளம்பற மனுஷன், பாதி டாங்க்ல போவாரேன்னு."

"எந்தக் குழாய்ல போட்டே?"

"எப்பவும் போடறதுதான். மஞ்சள் குழாய். ஏன்க்கா?"

மஞ்சள் என்றால் தொண்ணூற்றைந்து. பந்தய மேப்பில் அது நேரத்துக்கு முன்பே வெடிக்கும். சுஹைலா போனை வைத்துவிட்டு ஓடினாள்.

கொடி மேடையில் ரஸ்மான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரை உடனே வெளியே வரச் சொல்லும் கறுப்புக் கொடியைக் காட்டச் சொன்னதும் தயங்கினார். காட்டினால் ஒலிபெருக்கியில் கார் நம்பரையும் பட்டறைப் பேரையும் அறிவிக்க வேண்டும், அதுதான் இங்கே விதி என்றார். "யோசிச்சுக்கம்மா. போன மாசத்துக்கு மேல இதுவும் சேர்ந்துடும்."

யோசிக்க என்ன இருக்கிறது? வாயை மூடிக்கொண்டிருந்தால் எஞ்சின் ஒருவேளை தாங்கலாம். தாங்காமலும் போகலாம்.

"சொல்லிடுங்க. சுஹைலா பட்டறைன்னு சத்தமாவே சொல்லுங்க."

அறிவிப்பு ஒலித்தது. பட்டறைக் கொட்டகைகளில் தலைகள் திரும்பின. யாரோ சிரித்தார்கள்.

வெள்ளைக் கார் சீறிக்கொண்டு வந்தது. ரஸ்மான் கொடியை நீட்டினார். ஃபத்லான் பார்க்கவே இல்லை. முன்னால் போன பூன் ஹோக்கின் நீலக் காரின் பின்புறத்தில்தான் அவன் கண் இருந்தது. கொடியைத் தாண்டிப் பறந்தான்.

இன்னும் ஒரு முழுச் சுற்று. இரண்டரை நிமிடம். சுஹைலா கம்பியைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். தூரத்து வளைவில் டர்போ ஊளையிட்டது. அடங்கியது. அப்புறம் சத்தமே இல்லை.

ரஸ்மான் அவளைப் பார்த்தார். அவள் பாதையையே பார்த்தாள்.

வெள்ளைக் கார் மெதுவாக உருண்டு, கார்களைப் பழுது பார்க்கும் பிட்டுக்குள் நுழைந்தது. கடைசி வளைவில் எதிரே தெரிந்த கொடியைப் பார்த்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறான்.

"இப்ப எதுக்குக்கா மானத்தை வாங்கறே? பூன் ஹோக்கைப் பிடிச்சிருப்பேன்."

சுஹைலா பானெட்டைத் திறந்தாள். கையுறை போட்டு முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். வெள்ளைப் பீங்கானில் சாம்பல் நிறப் பொட்டு இருந்தால் பிஸ்டன் உருக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். டார்ச் அடித்தாள். சுத்தம். இரண்டாவது, சுத்தம். மூன்றாவது. நான்காவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தம்.

அதற்குள் பூன் ஹோக் ஹெல்மெட்டோடு வந்து நின்றான். "என்னக்கா, இந்த மாசக் கணக்குக்கும் ஒரு எஞ்சின் முடிஞ்சுதா?"

பிளக்கை அவன் கையில் வைத்தாள். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். அவனும் பத்து வருஷமாக டர்போ ஓட்டுகிறவன். பதினோரு புள்ளியைப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

மஞ்சள் குழாய் விஷயத்தை அவள் சொன்னதும் ஃபத்லான் வீட்டுக்குப் போன் போட்டான். திட்டாதே என்று சுஹைலா கண்ணால் சொன்னாள்.

"ஃபுல்லாவா போட்டே?" மறுமுனையில் நட்ரா ஏதோ சந்தோஷமாகச் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். "சரிம்மா. நல்ல வேலை பண்ணினே."

மதிய ரவுண்டுக்கு வீட்டு மேப்பிலேயே போனான். சுற்றுக்கு ஐந்து விநாடி மெதுவாக. திரையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

சாயங்காலம் சுஹைலா பூஸ்ட் மீட்டரைப் பிய்த்து ஓரமாக ஒட்டினாள். பெட்ரோல் மூடியைச் சுற்றிப் பச்சை டேப் ஒட்டினாள். டேப் இருந்தால் வீட்டு மேப்தான், டாங்கை வழித்து நூறு போடும்வரை எடுக்காதே, மஞ்சள் குழாயில் யார் போட்டாலும் திரும்ப ஒட்ட வேண்டும் என்றாள்.

பூன் ஹோக் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். அவன் பெண்டாட்டியும் அவன் காரை எடுப்பாளாம்.

"அந்த டேப்ல மிச்சம் இருக்காக்கா?"