எடுத்துக் கொடுக்கிறவன்

அர்ஷாத் மேல் எனக்குப் பொறாமை. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் என் சகலன். என் மனைவி ஹாஜறாவின் தங்கை றுஸ்னாவைக் கட்டியவன். எங்கள் ஊர் வழக்கப்படி மாமா இரண்டு மகள்மாருக்கும் ஒரே வளவில் வீடு கட்டிக் கொடுத்தார். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். வேலையும் ஒரே இடம், பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை. சிறுவயதில் ஓதியதும் ஒரே மத்ரஸா. இருவருமே ஹாபிழ்கள், குர்ஆன் முழுவதையும் பாடமாக்கியவர்கள். அவன் இல்லாத ஒரு மூலையையாவது அல்லாஹ் எனக்கு விட்டு வைத்திருக்கலாம்.

இது தொடங்கியது பள்ளிவாசலில். நோன்பு மாதத் தராவீஹ் தொழுகையில் அவன் முன்னால் நின்று ஓதுவான். அவனுக்கு அப்படியொரு குரல். எனக்குக் காகக் குரல். ஆனால் பாடம் என்னிடம்தான் சுத்தம். அதனால் நிர்வாகம் என்னை அவனுக்கு நேர் பின்னால் நிறுத்தியது. அவன் எங்காவது பிழை விட்டால் அடுத்த சொல்லை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பதினொரு வருஷ நோன்பு இப்படிப் போயிற்று. தொழுகை முடிந்ததும் சனம் அவனிடம் போய்க் கையைப் பிடித்து ஸலாம் சொல்லும். என்னிடம், "கொஞ்சம் தள்ளுங்க, இமாமுக்கிட்டப் போவணும்" என்று சொல்லும். உண்மையைச் சொல்கிறேன். தொழுகையில் நின்றுகொண்டே, இவன் எப்போது பிழை விடுவான் என்று காத்திருந்திருக்கிறேன்.

பிழை விடுவதற்கென்றே இடங்கள் உண்டு. ஒரே மாதிரியான வசனம் குர்ஆனில் பல இடங்களில் வரும். ஓதுகிறவன் ஓர் அத்தியாயத்தில் அந்த வசனத்தை எட்டி, கவனம் தவறி, வேறோர் அத்தியாயத்துக்குள் போய்விடுவான். அர்ஷாத் அப்படி வழுக்கினால் ஓதலை நிறுத்தித் தலையை வலப்பக்கம் சற்றுச் சாய்ப்பான். எனக்கு அதுதான் அடையாளம். நான் சொல்லைக் கொடுப்பேன், அவன் பிடித்துக்கொண்டு போய்விடுவான்.

போன வருஷம் பல்கலைக்கழகத்தில் எங்கள் பீடத்துக்குப் புதிய திட்டம் வந்தது. அடுத்த தொகுதி மாணவர்களுக்கு எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். பதினாறு வருஷமாகத் தமிழில் படிப்பித்த எங்களை, வெளியிலிருந்து வரும் மூன்று பேருக்கு முன்னால் இருபது நிமிஷம் ஆங்கிலத்தில் விரிவுரை செய்யச் சொன்னார்கள். எங்கள் துறையிலிருந்து புதிய பட்டப்படிப்புக்கு ஒருவர்தான் தேவை. மிஞ்சுகிறவருக்கு வெளிவாரிப் பிரிவு: சனி ஞாயிறு வகுப்பு, பழைய கட்டடத்தில் ஒரு பின்னறை. போட்டி யாருக்கும் யாருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஒரே தரம்தான். புத்தகம் வாசித்தால் விளங்கும். வாய் திறந்தால் வராது. ஆங்கிலப் பிரிவில் போதிக்கும் விதுஷா மிஸ், பாண்டிருப்பு ஊர்ப் பிள்ளை, இருவருக்கும் உதவி செய்தா. "சேர், குறிப்பு மட்டும் எழுதுங்கோ. பிழையா வந்தாலும் பரவால்ல, கதைச்சுப் பழகுங்கோ" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டா. நாங்கள் கேட்கவில்லை. குர்ஆனின் முப்பது பாகத்தையும் நெஞ்சில் ஏற்றியவனுக்கு இருபது நிமிஷ விரிவுரை எந்த மூலைக்கு? இருவரும் முழுவதையும் எழுதி எடுத்துக்கொண்டு, மத்ரஸாவில் போல முன்னும் பின்னும் ஆடி ஆடிப் பாடமாக்கினோம்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் சுவருக்கு அப்பால் அவன் தொடங்கிவிடுவான். இந்தப் பக்கம் ஹாஜறாவும் தொடங்குவாள்.

"இஞ்சாருங்க, அங்கால கேக்குதா? தங்கச்சிர மாப்பிள்ள இங்கிலீசுல எப்பிடி மழையாக் கொட்டுறாரு. நீங்க கட்டில்ல சாஞ்சி கிடக்கீங்க."

நான் சும்மா சாய்ந்து கிடக்கவில்லை. சுவரில் காதை வைத்திருந்தேன். எங்கே பிழை விடுகிறான் என்று பார்க்கத்தான் முதலில் கேட்டேன். நாற்பது நாள் கேட்டதில் அவனுடைய விரிவுரை எனக்கும் பாடமாகிவிட்டது. நாவிதன்வெளி வயல்களின் நீர்ப் பங்கீடு பற்றியது. அதிலும் ஒரு வழுக்கு இடம் இருந்தது. தண்ணீர் மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு இறங்குகிறது என்ற வசனம் மூன்றாம் பந்தியிலும் வந்தது, பத்தாம் பந்தியிலும் வந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. வெளியிலிருந்து வந்த மூவரில் மூத்தவர் கண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்களப் பேராசிரியை. முதலில் அர்ஷாத். அடுத்ததாக நான் என்பதால் இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவனோ வெண்பலகையைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓதினான். ஓதினான் என்றுதான் சொல்ல வேண்டும்; அதே ராகம். பத்தாம் பந்தி வந்தது. அந்த வசனத்தைச் சொன்னான். வழுக்கி மூன்றாம் பந்திக்குள் போனான். திரும்பவும் பத்துக்கு வந்தான், திரும்பவும் மூன்றுக்குப் போனான். பேராசிரியை பேனையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தா.

மூன்றாம் தடவை அந்த வசனத்தோடு நின்றுவிட்டான். அவனுடைய தலை மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது.

அடுத்த சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. பதினொரு வருஷ நோன்பில் ஒரு தரமும் நான் கொடுக்காமல் விட்டதில்லை. அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டேன். நில்லுடா, இன்றைக்கு நில் என்று மனம் சொன்னது. அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவன் நின்றான். பிறகு திரும்பி நெற்றியைத் துடைத்தான். "சொறி மேடம், பாடமாக்கி வந்தேன், மறந்துவிட்டது, எனக்குத் தெரிந்த மாதிரிச் சொல்கிறேன்" என்று ஒரு நொண்டி ஆங்கிலத்தில் சொன்னான். மாமாவின் வயலைப் பலகையில் கீறினான். மேல் வயல்காரன் நித்திரை, கீழ் வயல்காரன் மடை உடைப்பு, காலையில் மண்வெட்டிச் சண்டை. அவனுடைய ஆங்கிலத்தில் நேற்று நாளை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஆனாலும் மூவரும் சிரித்தார்கள். "சண்டையை யார் தீர்ப்பது?" என்று பேராசிரியை கேட்டா. வயல்களின் தண்ணீரைப் பங்கிடும் தலைவருக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல், "வட்டவிதானை" என்றான். அது சிங்களத்திலும் உள்ள சொல். அவவின் முகம் மலர்ந்தது. "ஆ, வெல் விதானே! எங்கள் ஊரிலும் உண்டு" என்றா. அதன் பிறகு இருவரும் வயல் வரம்பில் குந்தியிருந்து கதைப்பதுபோல அரைமணி நேரம் கதைத்தார்கள்.

என் முறை வந்தது. கடலரிப்புப் பற்றிய என் விரிவுரையை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். இருபது நிமிஷம், சுத்தம். பேராசிரியை தலையாட்டிவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டா.

"உங்கள் ஊரில் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது?"

கேள்வி விளங்கியது. அதுதான் கொடுமை. தினமும் நான் நடக்கும் கரை. தென்னைகள் விழுந்ததும் தெரியும், மீனவர் வாடி கடலோடு போனதும் தெரியும். எல்லாம் தமிழில்தான் வரிசைகட்டி வந்தன. என் தாளில் அந்தக் கேள்விக்கு வசனம் இல்லை.

இரண்டாம் வரிசையிலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"ஃபிஃப்டி மீட்டர், மச்சான். தென்னமரத்தச் சொல்லுங்க. கோகனட் ட்ரீ."

அர்ஷாத் எனக்கு எடுத்துக் கொடுத்தான். நான் வாங்கவில்லை. அவனிடம் வாங்கிச் சொல்வதைவிட ஊமையாக நிற்பது மேல் என்று நின்றேன். பேராசிரியை நன்றி சொன்னா.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. புதிய பட்டப்படிப்பு அவனுக்கு, பின்னறை எனக்கு.

அன்று பின்னேரம் அர்ஷாத் ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். றுஸ்னாவும் வந்தாள், மாமியும் வந்தார். ஆறுதல் சொல்ல வருகிறார்களாக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் கதிரையில்கூட இருக்காமல் என்னைக் காட்டிச் சொன்னான்.

"மாமி, இந்த வேல எனக்குக் கிடைச்சது இஹ்ஸான் மச்சானாலதான். என்ட பாடம் முழுக்க அவருக்குத் தெரியும். சுவரால கேட்டுக்கிட்டுத்தான் இரிந்தாரு, எனக்குத் தெரியாதா? நான் தடக்கி நிண்ட நேரம் ஒரு சொல்லுக் குடுத்திருந்தா, கிளிப்பிள்ள மாதிரி ஒப்பிச்சிப்போட்டு இறங்கியிரிப்பன். அவங்க ஒரு கேள்வி கேட்டிருந்தா அதோட சரி. இவன் சொந்தமாக் கதைக்கட்டும் எண்டு தெரிஞ்சிதான் மச்சான் வாய மூடிக்கிட்டு இரிந்தாரு. தன்ட வேல போகும் எண்டு தெரிஞ்சும்."

ஹாஜறா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் முடித்த பதினான்கு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கண் கலங்கியிருந்தது. மாமி என் தலையில் கையை வைத்தார்.

"என்ட மூத்த மருமகன்ட மனசு இந்த ஊருல யாருக்கு வரும்? அல்லாஹ் உங்கள நல்லா வெப்பான், மகன்."

அவனை மட்டுமே மாமியின் வாய் புகழும் என்று நான் இத்தனை வருஷம் வெந்துகொண்டிருந்தேன். கடைசியில் எனக்கும் கிடைத்தது, இதற்காக.

"சொல்லுங்க மச்சான்" என்றான் அர்ஷாத். "என்ட நன்மைக்கெண்டுதானே சும்மா இரிந்தீங்க?"

நால்வரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய தலை சற்று வலப்பக்கம் சாய்ந்திருந்தது, பள்ளிவாசலில் நிற்பதுபோலவே.

"ஓம்" என்றேன்.