ஆள் பஞ்சம்

"அவளுக்கு அஞ்சு மாசமாமே. இனி வேலைக்கு வர வேணாம்னு நீயே சொல்லிடும்மா."

மாமனார் காலைச் சாப்பாட்டை மென்றுகொண்டே சொன்னார். அவருடைய சட்டைத் தையலகத்தில் துணி வெட்டுவது மருமகள். அனுப்பச் சொன்னது பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பெண்ணை. நாளைக்கு விடுப்பு கேட்பாள், பிள்ளைக்குச் சளி என்பாள், கடை என்ன சத்திரமா என்று அவருக்குக் கவலை. அதே வாயோடு அடுத்ததையும் கேட்டார்: இரண்டோடு நிறுத்திவிட்டாயே, மூன்றாவது எப்போது? மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனுஷருக்கு நாக்கு ஒன்றுதான், பேச்சுதான் இரண்டு. அன்று மாலை குடியிருப்போர் சங்கத்தில் அவர் பேச வேண்டும். தலைப்பு, 'குறையும் பிறப்பு, தேயும் தொழில்'. கண்ணாடி முன் ஒத்திகை வேறு!

"அவ புருஷனுக்கும் வேலை போச்சு மாமா. இவ சம்பளத்துலதான் அந்த வீடு ஓடுது. என்னால சொல்ல முடியாது."

அவரே போய்ச் சொன்னார். வாயும் வயிறுமாக இருந்தவள் எழுந்து போனாள். மருமகள் பாதி வெட்டிய துணியைப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே நடந்தாள்.

மாலையில் கூடம் முழுக்க நரைத்த தலைகள். முதலாளி வெளுத்து வாங்கினார். உழைக்கும் வயதுக்காரர்கள் குறைந்துகொண்டே போனால் தொழில் எப்படி வளரும்? கிழவர்களுக்கு யார் சோறு போடுவார்கள்? கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். கேட்ட வாய்தான் சரியில்லை.

"அவ்வளவு ஏன், என் கடையையே பாருங்க. இன்னிக்கு ஒரு மெஷின் சும்மா கெடக்கு. உக்கார ஆளில்ல."

கூடம் கைதட்டியது. தூ, வெட்கங்கெட்ட பேச்சு! கடைசி வரிசையில் மருமகள் எழுந்தாள். பக்கத்திலிருந்த காஜாக்காரியையும் கைபிடித்து எழுப்பினாள்.

"ஆள் இருக்கு மாமா. காலைல நீங்க வெளிய அனுப்பினீங்களே, அதே ஆள்தான். ஒண்ணுக்கு ரெண்டா நிக்கிறா. நாளைக்கு வரட்டுமா, வேணாமா?"

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பி, பிறகு மேடையைப் பார்த்தன. முதலாளி தாளைப் புரட்டினார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, "வரட்டும்" என்று முனகினார்.

மருமகள் உட்காரவில்லை.

"மைக்ல சொல்லுங்க மாமா."