வெள்ளைப் பன்றி குத்திய முத்திரை

திங்கட்கிழமையிலிருந்து பன்றிகளைப் பரிசோதிப்பது ஒரு பன்றிதான். இதில் வாய் பிளக்க ஒன்றுமில்லை. அறுப்புக்கூடத்தில் இனி அதிகாரி பார்க்க வேண்டாம், அங்கேயே இருப்பவர் பார்த்தால் போதும் என்று அரசாங்கம் விதியை மாற்றிவிட்டது. கூடத்தில் எந்நேரமும் இருந்தது அந்த வெள்ளைப் பன்றி. என்றோ சளி என்று ஒதுக்கி வைத்தார்கள், அப்படியே தங்கிவிட்டது.

இதில் மாட்டிக்கொண்டது கறிக்கடை மரியதங்கம்தான். மத்தியானம் மகளுக்கு நிச்சயதார்த்தம். பன்றிக்கறி இல்லாத பந்தியில் கை நனைக்க மாட்டேன் என்று மாப்பிள்ளையின் அப்பா லூக்காஸ் கறாராகச் சொல்லியிருந்தார். மரியதங்கமோ முத்திரை விழாத கறியை அடுப்பில் ஏற்ற மாட்டாள். முத்திரை விழுந்ததை ஏற்றாமல் விடவும் மாட்டாள். அப்படியொரு பிடிவாதக்காரி.

"டாக்டரே, ஒரே ஒரு சீல் குத்தித் தாங்களேன்."

கால்நடை மருத்துவர் தணிகாசலம் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "நான் இப்ப வேடிக்கை பார்க்கிற ஆளும்மா. அவரைக் கேளு."

வெள்ளைப் பன்றியார் மும்முரமாக இருந்தார். வாயில் முத்திரைக் கட்டையைக் கவ்வியபடி ஒவ்வொரு பன்றியையும் நடக்கவிட்டுப் பார்த்தார். காதை முகர்ந்தார். தலையை ஆட்டினார். கழிக்கப்பட்டவை குஷியாக வாசல் வழியே வெளியேறின.

"ஐயோ, எல்லாத்தையும் தள்ளுறாரே! என்ன குறையாம்?"

"உயிரோட இருக்காம்."

அதற்குள் பசி பொறுக்காமல் சம்பந்தி வீட்டார் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். "கறி எங்க?" என்று அதட்டிக்கொண்டே லூக்காஸ் முன்னால் வந்தார். வெள்ளைப் பன்றி அவரையும் நடக்கவிட்டது. அவரும் நடந்தார். காதை முகர்ந்தது. பிறகு நெஞ்சில் பொத்தென்று குத்தியது. பட்டுச் சட்டையில் ஊதா நிறத்தில் பளிச்சென்று விழுந்தது: உண்ணத் தகுந்தது.

"பார்த்தீங்களா! வாழ்க்கையில முதல் தடவையா பாஸாகியிருக்கேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். மரியதங்கம் மட்டும் தட்டவில்லை. முத்திரையைப் பார்த்தாள். கறிக்கென்று கொண்டுவந்திருந்த அண்டாவின் அகலத்தைப் பார்த்தாள். இடுப்புக் கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

லூக்காஸ் குனிந்து சட்டையைப் படித்தார்.

"சம்பந்தியம்மா," என்றார் மெதுவாக, "எனக்குப் பூசணிக்காய்க் கூட்டுன்னா உசிரு."

பந்தி அமர்க்களமாக நடந்தது. முதல் இலை வெள்ளைப் பன்றிக்கு. அடுத்த இலையில் லூக்காஸ், சட்டையைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, நான்காம் முறையாகக் கூட்டு கேட்டார்.