பூசணிக்குக் கயிறு

"கூரை ஒழுகுது, ஆடு செத்துப்போச்சு, அத்தைக்கு இருமல் நிக்கல. எழுதிட்டீங்களா சாயபு மாமா?" என்றாள் அன்னாள்.

இராஜபாளையம் தபாலாபீஸ் வாசலில் கடுதாசி எழுதும் மதார் சாகிப்புக்கு எழுபது வயது. வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை, எழுதியதோடு சரி. யுத்தத்துக்குப் போயிருந்த அவள் புருஷன் ராபர்ட்டின் கடுதாசிகளைப் படித்துச் சொல்பவரும் அவர்தான். போன கடுதாசி, 'உன் கடுதாசி வந்தாலே பிரிக்கப் பயமாயிருக்கு. இனி எழுதாதே' என்று முடிந்திருந்தது. அந்த வரி வந்ததும் அவருக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

அவள் சொன்ன துக்கத்தில் ஓர் எழுத்தையும் சாகிப் குறைக்கவில்லை. அவளுக்கும் அழ ஆள் வேண்டுமல்லவா. ஆனால் தாளின் மறுபக்கம் வீணாகக் கிடந்தது. ஒழுகும் கூரையில் பூசணி ஒன்று காய்த்திருப்பதாகவும், அதன் நிழலில் தெருவே மத்தியானம் படுத்துத் தூங்குவதாகவும் எழுதி, காயின் எடையையும் குறிப்பிட்டு ஒட்டினார்.

மறுமாதம் பதில் வந்தது. 'கூரைக்கு ஓலை போட அண்ணனுக்கு எழுதிட்டேன். அம்மாவுக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடு. பூசணியோட எடையை மட்டும் தணிக்கை ஆபீசர் மை பூசி மறைச்சிட்டார். எத்தனை மணங்குன்னு முகாமே தர்க்கம் பண்ணுது. பத்து நாளாச் சோறு எறங்கல. நேத்து ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.'

"எந்தப் பூசணி?" அன்னாள் இடுப்பில் கைவைத்தாள்.

சாகிப் பேனாவைத் துடைத்தார். துடைத்த பேனாவையே மறுபடி துடைத்தார். "போன தடவை கண்ணு தெரியாத வரி இப்பத் தெரியுது தாயி" என்று பூசணிக் கதையோடு அதையும் சொல்லிவிட்டார்.

அன்னாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எழுதுங்க. பூசணிக்குள்ள கோழி அடை காக்குது."

"எத்தன முட்டை?"

"நூத்திப் பதினொண்ணு."

"அம்புட்டையும் நம்புவானா?"

"நீங்க மட்டும் கொறைச்சா எழுதினீங்க? பொறவு, இருமல் இன்னும் நிக்கலன்னும் எழுதுங்க."

வீட்டுக்குப் போன கையோடு கூரையோரம் பூசணி விதை ஒன்றை ஊன்றினாள்.

கிறிஸ்துமஸ் லீவில் செங்கோட்டை ரயிலைவிட்டு இறங்கிய ராபர்ட்டின் தோளில் முப்பது முழம் பட்டாளத்துக் கயிறு. கூரையில் இருந்ததோ எலுமிச்சையளவுப் பிஞ்சு. அவன் சிரிக்கவில்லை. ஏணியில் ஏறி, பிஞ்சைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, அடுத்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஏலே வீரணா, நாலு ஆளக் கூட்டிட்டு வாலே! பாரம் சாஸ்தி!"

தெருவே ஓடிவந்து கயிற்றைப் பிடித்தது. இருமிக்கொண்டே அத்தையும் பிடித்தாள்.

"பைய, பைய! உள்ள கோழி இருக்கு!" என்று அன்னாள் கத்தினாள்.

கயிற்றின் கடைசி நுனியில் மதார் சாகிப், காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தபடி, வழியாத வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.