உப்பு ஏறிய கம்பி

லொபேத்தி ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கில் வைத்தான். உடனே துப்பினான்.

"என்னடா, வீட்டுல கிழங்கு வேகலையா?" என்றான் கூட்டாளி செமீசி, தள்ளுவண்டியைக் கவிழ்த்தபடி. "பசின்னா சொல்லு, எங்க வீட்டுல மீன் இருக்கு. அக்கா வீட்டு மணலை ஏன் திங்கிற?"

லொபேத்தி சிரிக்கவில்லை. உப்பு. வாயில் வைப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரியும். குவியலில் கிடந்த உடைந்த சிப்பிகளே அது எந்தக் கரையிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டன.

"எத்தனை வண்டி அடிச்சிருக்கீங்க?"

"நாப்பது. நீ பெரிய தீவுல ரெண்டு வாரமா வேலை பார்த்தேன்னு சொல்லிக்கிட்டு ஊர் சுத்தினப்போ, நானும் உங்க அக்காவும் இங்க முதுகு ஒடிஞ்சோம். நாளைக்குக் காலையில கான்கிரீட். மறந்துடாத."

மறக்கிற விஷயமா அது.

அக்கா லவீனியா தன் கையாலேயே எழுப்பிக்கொண்டிருக்கும் வீடு. கணவன் தொமாசி இறந்து எட்டு மாதம். அவளும் இரண்டு மகள்களும் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் கிடந்தார்கள். மழைக்காலத்துக்கு முன் கூரை ஏறிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சுவர் மேல்மட்டம் வரை வந்துவிட்டது. நாளை, நான்கு சுவரையும் ஒட்டியாணம் மாதிரி சுற்றிக் கட்டும் விட்டத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். புயல் வந்தால் கூரையைப் பிடித்து நிறுத்தப்போவது அதுதான்.

அக்காவும் தம்பியும் உட்கார்ந்து கதை பேசும் வழக்கம் அந்தத் தீவில் கிடையாது. மீசை முளைத்த நாளிலிருந்து லொபேத்தி அவள் படுக்கும் கூரைக்குள் கால் வைத்ததில்லை. அவள் சொன்னால் மறுபேச்சும் பேசியதில்லை. வீடு கட்டும் யோசனையெல்லாம் அவன் மனைவி மூலமாகத்தான் போய்வந்தது. சிமென்ட் மூட்டையைத் தரையில வைக்கலாமா? கூடாது, பலகை மேல அடுக்கணும். கலவை இறுகலா இருக்கே, தண்ணி சேர்க்கவா? சேர்க்காதீங்க, கம்பியால குத்திக் குத்தி இறக்குங்க. போட்ட பிறகு? ஏழு நாள் சாக்கை நனைச்சுப் போர்த்தி வைங்க.

மணலைப் பற்றி மட்டும் அவள் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? கோயில் ஹாலைக் கட்டிய கொத்தனார் லொபேத்தியே அப்போது ஊர் முன்னால் சொன்னதுதானே. நம்ம கரை மணலே போதும், கப்பல்ல மணல் வரவழைக்கிறது வீண் வேலை.

அந்த ஹாலின் வாசலில்தான் தொமாசி செத்தான்.

புயலன்று உள்ளே முப்பது பேர். காற்று கதவைப் பிய்க்கப் பார்த்தது. தொமாசி முதுகைக் கொடுத்துக் கதவைத் தாங்கி நின்றான். தலைக்கு மேலிருந்த விட்டம் இறங்கியது. காற்று கொன்றுவிட்டது என்று ஊரே அழுதது.

இடிபாட்டை முதலில் புரட்டியவன் லொபேத்தி. உடைந்த விட்டத்துக்குள் அவன் கண்டதை வேறு யாரும் காணவில்லை. அவன் கட்டியபோது கட்டைவிரல் பருமன் இருந்த கம்பி, தென்னை ஈர்க்கு மாதிரி இளைத்து, தொட்டால் செதிள் செதிளாக உதிர்ந்தது. எல்லாவற்றையும் கடலில் போட்டான். ஒரு சாண் துண்டை மட்டும் ஏனோ போட முடியவில்லை. துணியில் சுற்றிக் கருவிப்பெட்டியின் அடியில் வைத்தான்.

இப்போது அந்தப் பெட்டி அவன் காலடியில் இருந்தது.

"லொபேத்தி, வந்துட்டியா?"

லவீனியா கான்கிரீட் ஊற்ற அடித்திருந்த சென்ட்ரிங் பலகையிலிருந்து இறங்கி வந்தாள். புறங்கையெல்லாம் ஆணி கீறிய தழும்பு. அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, நாளைக்கு வேண்டாம்னு பார்க்கறேன். விட்டத்துக் கம்பியைச் சுத்தி ரிங் இன்னும் நெருக்கமா கட்டணும்."

"ஆறு அங்குலத்துக்கு ஒண்ணு. அளந்து பாரு."

"கம்பி பலகையைத் தொடக் கூடாது. அடியில கல்லு வைக்கணும்."

"ரெண்டு அங்குலக் கல்லு, ஒவ்வொரு முழத்துக்கும் வெச்சிருக்கேன்."

"மழை வர்ற மாதிரி இருக்கு."

செமீசி வானத்தை அண்ணாந்து பார்த்தான். "எங்கடா? ஒரு மேகம் இல்ல. பெரிய தீவுல கண்ணையும் விட்டுட்டு வந்துட்டியா?"

லவீனியா சிரிக்காமல் தம்பியையே பார்த்தாள். "எதையோ மென்னு முழுங்கற. சொல்லு."

"மணல்," என்றான். "அலசாத மணல். உப்பு இருக்கு."

"ஹாலுக்கும் இதே மணல்தானே?"

இந்தக் கேள்விக்குத்தான் எட்டு மாதமாகப் பயந்தான். பேசாமல் இருந்துவிடலாம். நாளை அவனே கலவை போடலாம். ஒன்பது, பத்து வருஷம் வீடு ஜம்மென்று நிற்கும். பிறகு ஒரு புயலில், அக்காவின் மகள்களில் ஒருத்தி கதவைத் தாங்கி நிற்பாள்.

லொபேத்தி குனிந்து பெட்டியைத் திறந்தான். துணிப் பொட்டலத்தை எடுத்து, அக்காவின் கையில் கொடுக்கத் துணியாமல், அவள் முன்னாலிருந்த கல் அடுக்கின் மேல் வைத்துப் பிரித்தான்.

"இது என்ன?"

"ஹால் வாசல் விட்டத்துல இருந்த கம்பி. போட்டப்போ இவ்வளவு பருமன்." கட்டைவிரலைக் காட்டினான். "உப்பு உள்ளேயே தின்னுடுச்சு. காத்து இல்லக்கா. நான் போட்ட மணல்."

செமீசி குனிந்து கம்பியைப் பார்த்தான்.

லவீனியா கம்பியைத் தொட்டாள். சிவப்புத் தூள் விரலில் ஒட்டியது. அதை அவள் துடைக்கவில்லை.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே."

"அவரைப் புதைச்ச அன்னிக்கே."

"ஆமாக்கா."

அவன் தரையில் உட்கார்ந்து தலையைத் தொங்கவிட்டான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். அழுதால் சேர்ந்து அழலாம். அவள் இரண்டும் செய்யவில்லை.

"வேற எங்கெல்லாம் இதே மணலைப் போட்ட?"

லொபேத்தி நிமிர்ந்தான். இத்தனை மாதமும் அவன் தன் குற்றத்தையே சுற்றிச் சுற்றி வந்திருந்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தான்.

"தண்ணித் தொட்டி மேடை," என்றான். "அப்புறம்... பள்ளிக்கூடத்து முன் தாழ்வாரம்."

"அதுக்கு எத்தனை வயசு?"

"எட்டு முடிஞ்சது. ஹால் விழுந்தப்போ அதுக்கு ஒன்பது."

செமீசியின் கையிலிருந்து வண்டி நழுவியது. "என் பொண்ணு அங்க இருக்கா," என்றான். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னான்.

தென்னைகளுக்கு அப்பால் பள்ளிக்கூடத்திலிருந்து வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைகளின் குரல் கேட்டது.

"அக்கா, என்னை மன்னி..."

"அதை இப்போ கேக்காத. அதுக்கு எனக்கு நேரம் இல்ல." அவள் கடப்பாரையை எடுத்தாள். குவியலைப் பார்த்தாள். தகரக் கொட்டகையை ஒரே ஒரு தடவை பார்த்தாள். "இந்த மணலைச் சரிவுல ஓலை விரிச்சுப் பரப்பணும். மழைக்காலம் முழுக்க நனைஞ்சா உப்பு போயிடுமா?"

"போயிடும். நடுநடுவுல புரட்டி விடணும். நாக்குல வெச்சுப் பார்த்துட்டு ஆரம்பிக்கலாம். ஆனா அதுவரைக்கும் நீங்க..."

"கொட்டகையிலதான். புயல் வந்தா படகுக் கொட்டாய்க்குப் போயிக்கறோம். எழுந்திரு."

அவன் எழுந்து, வழக்கம்போல அவள் பின்னால் பத்தடி விட்டு நின்றான். அவள் நகரவில்லை.

"முன்னால நட," என்றாள். "பள்ளிக்கூடத்துல எந்த விட்டம்னு உனக்குத்தானே தெரியும்."

பிறந்ததிலிருந்து முதல்முறையாக லொபேத்தி அக்காவுக்கு முன்னால் நடந்தான். கையில் அந்தத் துருக்கம்பி. செமீசி பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் நோக்கி ஓடவே ஆரம்பித்துவிட்டான்.

பள்ளிக்கூடத்தின் தாழ்வாரம் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. வாசலுக்கு மேல் விட்டத்தின் அடிப்பக்கத்தில், நீளவாக்கில் ஒரு மெல்லிய விரிசல். அதிலிருந்து பழுப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. தினமும் அந்த வழியாகப் போனவன்தான் அவன்.

ஜன்னல் வழியாக ஆசிரியை எட்டிப் பார்த்தாள். "என்ன லொபேத்தி, பாடம் நடக்குது."

"டீச்சர், பிள்ளைங்களைப் பின் வாசல் வழியா மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஓட வேண்டாம், மெதுவா. முன் வாசலுக்கு ஒருத்தரும் வரக் கூடாது."

"ஏன், என்ன ஆச்சு?"

"சொல்றேன். எல்லாரும் வெளிய போனதும் சொல்றேன்," என்று அவன் விட்டத்துக்கு நேர்கீழே போய், குழந்தைகள் யாரும் இந்தப் பக்கம் வந்துவிடாதபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.