அனிமோன் வெட்டும் முறை

ஜீவானந்தம் வீட்டு ஹாலில் நான்கடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி உண்டு. அதற்குத் தண்ணீர் மாற்றுவது, உப்பு கலப்பது, கண்ணாடி துடைப்பது எல்லாம் இரண்டு வருஷமாகச் சங்கரநாராயணனின் ஞாயிற்றுக்கிழமை வேலை. கூலி கிடையாது. ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் ஜீவானந்தம் லைன் சூப்பர்வைசர். அதே லைனில் சங்கரநாராயணன் ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட் ஆள். யாரை நிரந்தரமாக்கலாம் என்று மேலே பெயர் எழுதி அனுப்புகிறவர் சூப்பர்வைசர். இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

தொட்டிக்கு அழகு சிவப்பு அனிமோன்கள்தான். பார்வைக்குப் பூ, பிறப்பில் பிராணி. அடிப்பாதத்தால் கல்லைப் பற்றிக்கொண்டு, நுனி உப்பிய விரல்களை விரித்து ஆடும். நடுவே வாய். விரல்களுக்குள் ஒரு ஜோடி க்ளவுன் மீன் குடித்தனம் நடத்தியது. அனிமோனை வாயோடு சேர்த்துப் பிளேடால் ஒரே இழுப்பில் இரண்டாக அறுத்தால் இரண்டு பாதியும் பிழைத்து இரண்டு உயிராகும். அப்படி ஒன்றை ஏழாக்கியது சங்கரநாராயணனின் கை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் கைராசி என்று சொல்லிக்கொண்டது ஜீவானந்தத்தின் வாய்.

அந்த வருஷம் லைனுக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. வயது வரம்பு முப்பத்தைந்து. சங்கரநாராயணனுக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு பிறக்கிறது. இது தவறினால் அவனுக்கு ஆயுசுக்கும் கான்ட்ராக்ட்தான். அது தெரிந்துதான் ஜீவானந்தம் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பேச்சிராஜுக்கு வெட்டச் சொல்லிக் குடு. ஞாயித்துக்கெழம அவன் வெட்டட்டும். கை யாருக்கு நிக்குதுன்னு பாத்துட்டுப் பேர எழுதறேன். இன்னா, மூஞ்சி இப்டிப் போவுது?"

பேச்சிராஜும் அதே லைனில் கான்ட்ராக்ட் ஆள்தான்; இருபத்துநாலு வயது. கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். அவனை வேலைக்கு அழைத்து வந்ததே சங்கரநாராயணன்தான். ஒரே அறையில் அடுத்த பாய். போன வருஷம் டெங்குவில் சங்கரநாராயணன் சுருண்டபோது பதினோரு நாள் கஞ்சி காய்ச்சி ஊற்றியவன் அவன்.

கம்பெனியில் ஒவ்வொரு வேலைக்கும் தலைக்கு மேல் செய்முறை எழுதிய ஒரு ஷீட் தொங்கும். அதில் இருப்பதைத்தான் செய்யவேண்டும். சேர்ந்த புதிதில் பேச்சிராஜ், உறுதியாக இருக்கட்டுமே என்று ஒரு தையல் கூடுதலாகப் போட்டு மெமோ வாங்கினான். அன்றிலிருந்து ஷீட்டில் இல்லாததை அவன் விரலாலும் தொடமாட்டான். இது சங்கரநாராயணனுக்கு நன்றாகத் தெரியும்.

சங்கரநாராயணன் கோடு போட்ட தாளில் 'அனிமோன் வெட்டும் முறை' என்று தலைப்பிட்டு, முத்து முத்தான கையெழுத்தில் எழுதினான். இரண்டு நாள் தீனி நிறுத்துவது, பிளேடைக் கழுவுவது, வாய் நடுவே அறுப்பது, துண்டுகளைக் கல்லிடுக்கில் வைப்பது என்று பத்துப் படிகள். உண்மையில் பதினொன்று. அறுத்த துண்டு கல்லைப் பற்ற நாலைந்து நாளாகும். அதுவரை அது மிதந்து திரியும். அதனால் அலை எழுப்பும் மோட்டார்களின் வாயில் முதலிலேயே ஸ்பாஞ்சு கட்டிவிடவேண்டும். அந்த ஒரு படியை விட்டுவிட்டு, எண்களை வரிசையாகப் போட்டுக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சிராஜ் ஒவ்வொரு படிக்கும் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வெட்டினான். வெட்டு தன்னுடையதைவிட நேராக விழுந்ததைச் சங்கரநாராயணன் பார்த்தான். ஜீவானந்தம்கூட "சோக்கா வெட்டினான்பா" என்றார். கை துடைக்கும்போது பேச்சிராஜ் தொட்டியின் மூலையையே பார்த்தான்.

"அண்ணாச்சி, இந்த மோட்டார் இப்பிடியே ஓடலாமா?"

"ஷீட்ல என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் போடலியே."

"அப்போ கைய வைக்காத."

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்னால் இருவரையும் வீட்டுக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. தொட்டி கஞ்சித் தண்ணீராகக் கலங்கிக் கிடந்தது. இரண்டு துண்டையும் மோட்டார் இழுத்துச் சிதைத்திருந்தது. சிதைந்த உடலிலிருந்து கசிந்த நஞ்சில் மற்ற ஆறும் சுருங்கி, கூழாகி, கல்லைவிட்டு வழிந்துகொண்டிருந்தன. க்ளவுன் மீன் இரண்டும் மணலில் பக்கவாட்டில் கிடந்தன. ஜீவானந்தம் வலையைக் கொடுக்கவில்லை. வெறுங்கையால் அள்ளச் சொன்னார். பேச்சிராஜ் அள்ளினான். கையெல்லாம் தடித்துச் சிவந்தது. இனி கம்பெனி கேட்டை மிதிக்கவேண்டாம் என்று அவர் சொன்னபோதும் அவன் அள்ளுவதை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, பத்து டிக் போட்ட தாளை நீட்டினான்.

"ஷீட்படிதான் சார் செஞ்சேன். அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க."

"ஷீட்ல தப்பு இல்ல சார்," என்றான் சங்கரநாராயணன். "வெட்டுனதுலதான் எங்கயோ பிசகிருச்சு."

பேச்சிராஜ் அவனைச் சந்தேகமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ என் கைதான் சரியில்ல போல, அண்ணாச்சி. உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

பத்து மணிக்குள் பையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் பிடிக்கச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டான்.

அன்று சாயங்காலம் காலித் தொட்டியைக் கழுவ வந்த சங்கரநாராயணனை ஜீவானந்தம் உட்காரச் சொன்னார். மேஜைமேல் அந்தத் தாள் இருந்தது.

"ரெண்டு வருசமா பாத்துகினு கீறேன். ஸ்பாஞ்சு கட்டாம நீ ஒரு தபா வெட்டினது உண்டா?"

ஒன்பது வருஷமும் போயிற்று என்று சங்கரநாராயணன் நினைத்தான். ஆனால் அவர் குரலில் கோபம் இல்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீன் போனால் மீன் வாங்கிக்கொள்ளலாம், இப்படி ஓர் ஆள் கிடைக்கமாட்டான் என்றார். பொங்கலுக்குள் பதினாலு கான்ட்ராக்ட் ஆட்களைக் குறைக்க மேலே சொல்லியிருக்கிறார்களாம். சண்டை, யூனியன் என்று எதுவும் வராமல், அவரவர் தப்பால் அவரவர் போனதாக இருக்கவேண்டுமாம்.

"உன் பேரு நாளைக்கே மேல போவுது. லைன்ல தொங்கற மத்த ஷீட்டையும் இதே மாரி நீயே எழுதிக் குடு. மொதல்ல யாரு?"

சங்கரநாராயணன் தங்கும் அறையில் இன்னும் ஒருவன் இருந்தான். அருள்பாண்டி. அதே லைனில் பக்கத்து மிஷின். சங்கரநாராயணன் கொஞ்ச நேரம்தான் யோசித்தான்.

"அருள்பாண்டி, சார். அவனுக்குச் செவப்பு நூலுக்கும் பழுப்பு நூலுக்கும் வித்தியாசம் தெரியாது. இதுவரைக்கும் நாந்தான் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."