தோற்கத் தெரியாத தவளை

உலகத்தில் இருக்கும் அத்தனை பொத்தான்களையும் ஒரு தடவையாவது அழுத்திப் பார்த்துவிடுவது என்ற வைராக்கியத்தோடு பிறந்தவள் வாண்டு. லிஃப்டில் ஏறினால் பதினோரு மாடிக்கும் அழுத்துவாள். கூடப் போகும் தாத்தா பதினோரு மாடியிலும் நின்று நின்று, ஒவ்வொரு மாடிக்காரரிடமும் சௌக்கியம் விசாரித்துவிட்டுத்தான் வீடு வந்து சேர்வார். ரிமோட், அழைப்பு மணி, துணி துவைக்கும் மெஷின் எதுவும் அவளிடம் தப்பியதில்லை. ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் சட்டை போடாமல் கதவைத் திறந்தபோது அவருடைய தொப்புளையும் ஒரு அழுத்து அழுத்திவிட்டாள். மனிதர் கூச்சத்தில் "ஊய்ங்" என்று கத்தினார். அன்றிலிருந்து அந்தக் கதவு திறந்தாலே இவள் விரலை நீட்டிக்கொண்டு ஓடுகிறாள்.

இப்படிப்பட்டவளுக்கு மூன்றாவது பிறந்தநாள் வந்தது.

பிறந்தநாள் ஏற்பாடு செய்து தரும் கம்பெனி ஒன்றுக்கு அவள் அப்பா போன் பண்ணினார். பேருந்து ஓட்டுகிறவர், எந்த நெரிசலிலும் பதறாதவர். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்ட மாதிரி அரை மணி நேரம் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"விடுங்க, நம்ம ஹால்லயே நாமளே பண்ணிக்கலாம். மொத்தமே ஆறு குழந்தைங்கதான்," என்றாள் வாண்டுவின் அம்மா.

"பண்ணலாம். ஆனா என்னத்த வச்சுப் பண்றது? இவளுக்குப் பொத்தானத் தவிர வேற எதுவும் பிடிக்காதே."

மூலை நாற்காலியில் செய்தித்தாள் ஒன்று விரிந்திருந்தது. அதற்குப் பின்னால் தாத்தா தூங்குவதாக வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. மேலே இரண்டு கண்கள் பளபளத்தன.

"வீடியோ கேம் பொறந்தநாள்," என்றார். "மெஷின் நான் தரேன்."

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வெளியே அவருக்குப் பெயர் ஃப்யூஸ். காசு போட்டு ஆடும் வீடியோ கேம் கடை ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தார். எந்த மெஷின் நின்றாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "ஃப்யூஸ் போயிருக்கும்." நூற்றில் தொண்ணூறு தடவை அதுதான் போயிருக்கும். மீதிப் பத்துத் தடவையும் அவர் சொன்ன மரியாதைக்காக ஃப்யூஸே போய்விடும். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே பாதி மெஷின்கள் பயந்து தாமாகச் சரியாகிவிடும் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு இருந்தது. பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்பதுதான் சந்தேகம். ஆனால் பெரிய சந்தேகம் ஒன்றும் இல்லை.

கடை ஒரு நீளமான இருட்டு ஹால். இரண்டு வரிசையில் பதினெட்டு மெஷின்கள். பையன்களின் முகங்களில் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் ஓடும். டோக்கன் விழும் 'டங்' சத்தம், ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து உலுக்கும் 'கடகட', தோற்றவன் மெஷினைக் காலால் உதைக்கும் 'தொம்'. உதைத்தவன் திரும்பிப் பார்ப்பதற்குள் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு தலை எழும். "தோத்தது நீ. அது என்ன பண்ணும்?" பள்ளி விடுமுறை தொடங்கும் முதல் வாரம் கடையில் எள் போட்டால் கீழே விழாது. மெஷின்களும் சொல்லி வைத்தாற்போல் அந்த வாரம்தான் மக்கர் பண்ணும்.

அந்த வாரத்தில்தான் அவர் மகளின், அதாவது வாண்டுவுடைய அம்மாவின், பிறந்தநாளும் வரும்.

அலமாரியில் ஒரு பழைய ஆல்பம் இருந்தது. மகளின் முதல் பத்துப் பிறந்தநாட்களும் அதில் வரிசையாக ஒட்டியிருக்கும். படத்துக்குப் படம் கேக் பெரிதாகும், மகளுக்குப் பல் விழும், முளைக்கும், அம்மாவின் கொண்டை மாறும். அப்பா மட்டும் எதிலும் இல்லை. ஐந்தாவது வருஷப் படத்தில் ஓரமாக ஒரு முழங்கை தெரியும். அது தன்னுடையதுதான் என்று ஃப்யூஸ் இன்றுவரை வாதாடுகிறார். "அது கேக் கொண்டாந்த ஆளோட கை," என்பது அவர் மனைவியின் தீர்ப்பு. ஏழாவது வருஷப் படத்தில் மட்டும் அப்பா இருக்கிறார். மகளே பால் பாயிண்ட் பேனாவால் தன் பக்கத்தில் அவரை வரைந்து வைத்திருந்தாள். குச்சிக் கை, குச்சிக் கால், கையில் தன்னைவிடப் பெரிய ஸ்க்ரூ டிரைவர்.

கோபத்தில் வரைந்ததல்ல. இடம் காலியாக இருந்தது, வரைந்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஃப்யூஸ் ஆல்பத்தை மூடிவிட்டு, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் பால்கனிக்குப் போய்விடுவார்.

"இந்தத் தடவை படத்துல நான் நிப்பேன்," என்றார் மனைவியிடம். "நடுவுல நிப்பேன். முழுசா நிப்பேன்."

"பார்ப்போம்," என்றாள் அவள். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் சொல்லும் 'பார்ப்போம்' அது.

மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் மூன்று வேளைக்குப் பிரித்துச் சொல்லித்தான் பழக்கம். "அப்பா, மூணு விஷயம். ஒண்ணு, கரண்ட் கூடாது. ரெண்டு, வாய்க்குள்ள போற சைஸ்ல ஒரு சாமானும் கூடாது. மூணு, குழந்தைங்க அழற மாதிரி எதுவும் வைக்காதீங்க."

ஃப்யூஸுக்கு முதல் இரண்டும் கேட்டன. மூன்றாவது வருவதற்குள் அவர் அட்டைப்பெட்டி தேடிக் கிளம்பிவிட்டார்.

நான்காவது மாடியில் புது ஃப்ரிட்ஜ் வந்திருந்தது. அதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் நுழைந்தபோது அவரும் பெட்டியும் வாண்டுவும் சேர்ந்து ஏழு மாடியில் நின்றார்கள். பிறகு மூன்று வாரம் ஹாலில் ஒரு தொழிற்சாலை நடந்தது. காகிதக் கூழும் மைதாப் பசையும் சோபா வரைக்கும் வந்தன. வாய்க்குள் போகிற அளவைக் கண்டுபிடிக்க டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாய்தான் கருவி: குழாய்க்குள் நுழைகிற எதுவும் குழந்தையின் வாய்க்குள்ளும் நுழையும். ஃப்யூஸ் அந்தக் குழாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டில் கண்ட கண்ட சாமானையெல்லாம் சோதித்தார். மனைவியின் ஜிமிக்கி தேறவில்லை. அவருடைய சொந்தப் பல்செட் மயிரிழையில் தப்பியது. பொத்தான்களுக்குக் கடைசியில் பால் பவுடர் டப்பா மூடிகள் வந்தன. வாண்டு பிறந்ததிலிருந்து குடித்துத் தீர்த்த டப்பாக்களின் மூடிகளில் பொறுக்கி எடுத்த ஆறு. அவற்றுக்குச் சிவப்பும் மஞ்சளும் அடித்து, அடியில் பழைய ஸ்பாஞ்சு வைத்தார். அழுத்தினால் 'புஸ்' என்று உள்ளே போய்த் திரும்ப மேலே வரும்.

திரைக்கு நீலச் சார்ட் பேப்பர். அதில் குறுக்கே ஒரு கீறல். கீறல் வழியாகக் குச்சியில் ஒட்டிய தவளை ஒன்று தாவித் தாவிப் போகும், மேலே தொங்கும் நட்சத்திரங்களைப் பிடிக்கும். கரண்ட் கூடாது என்றால் தவளை எப்படித் தாவும்? உள்ளே ஃப்யூஸ் இருப்பார். ஊசி முனை அளவு ஓட்டை வழியாகப் பார்த்து, வெளியே யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் குச்சியை ஆட்டுவார். சத்தமும் அவரே. முப்பத்திரண்டு வருஷத்துச் சத்தங்கள் அத்தனையும் அவர் தொண்டையில் பத்திரமாக இருந்தன.

பிறந்தநாளன்று காலை பத்து மணிக்கு ஐந்து குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள், வாண்டுவோடு ஆறு. சத்தத்துக்கு அறுபது என்று வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற சர்வேயர். கழுத்தில் காமிராவும் கையில் அளவு டேப்புமாக வந்தார்.

"கேக் மேஜைக்கும் ஜன்னலுக்கும் ஏழடி. வெளிச்சம் சரியா விழும். பதினொரு மணிக்குப் படம். ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆகாது," என்று அறிவித்தார்.

"சம்பந்தி, கல்யாணப் படத்துல என் தலைய வெட்டுன மாதிரி இதுலயும் வெட்டிடாதீங்க," என்றார் ஃப்யூஸ்.

"உங்க தலை கோட்டுக்கு வெளியில இருந்துச்சு சம்பந்தி. நான் கோட்டத்தான் பார்ப்பேன்."

ஃப்யூஸ் பின்பக்கக் கதவு வழியாகப் பெட்டிக்குள் நுழைந்தார். குழந்தைகள் யாரும் பின்னால் போய் நுழையாதபடி மாப்பிள்ளை நல்லெண்ணத்தோடு சோபாவை இழுத்து அந்தக் கதவை ஒட்டிப் போட்டார். சோபாவில் இரண்டு பருத்த அத்தைமார்கள் உட்கார்ந்தார்கள்.

முதல் ஆட்டம் வாண்டுவுக்கு. அவள் சிவப்பு மூடியை அழுத்தினாள். 'டுயிங்!' தவளை தாவியது. வாண்டு மூச்சு விட மறந்து நின்றாள். திரும்ப அழுத்தினாள். 'டுயிங்!' அவள் சிரித்த சிரிப்பு கீழ் மாடி வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே ஃப்யூஸின் தோளில் முப்பது வயது குறைந்தது.

அங்கேதான் மனிதர் தவறு செய்தார். தொழில் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மெஷின் என்றால் மூன்று உயிர். மூன்று நட்சத்திரம் தவறினால் ஆட்டம் முடிந்தது. முப்பத்திரண்டு வருஷம் அந்த நியாயத்தைக் காப்பாற்றியவரின் கை, மூன்றாவது நட்சத்திரம் தவறியதும் தானாகவே தவளையைக் குப்புறக் கவிழ்த்தது. தொண்டையிலிருந்து அந்தப் பழைய சோக ராகம் இறங்கியது: "டொய்ங்... டொய்ங்... டொய்ய்ய்ங்."

வாண்டுவின் உதடு பிதுங்கியது. "தவளைக்கு என்னாச்சு?"

அவள் அழுதாள். அவள் அழுததைப் பார்த்துப் பக்கத்துக் குழந்தை அழுதது. அதைப் பார்த்து அடுத்தது. அரை நிமிஷத்தில் ஆறும் சேர்ந்து வைத்த ஒப்பாரியில் தோரணத்துக் காகித நட்சத்திரங்கள் ஆடின.

மகள் ஓடிவந்து திரைக்கு அருகில் குனிந்தாள். "அப்பா! தவளை தோக்கவே கூடாதுப்பா!"

"தோக்காத மெஷினா? அப்படி ஒண்ண நான் ஆயுசுல பார்த்ததில்லையே!" என்றது பெட்டி.

"இப்போ பாருங்க. மூணு வயசுப்பா இதுங்களுக்கு!"

தவளை எழுந்தது. கொட்டாவி விட்டது. "தூங்கிட்டேன்!" என்றது. அழுகை பட்டென்று நின்றது. அதற்குப் பிறகு எந்த மூடியை யார் அழுத்தினாலும் வெற்றிதான். வரிசையாவது ஒன்றாவது, பன்னிரண்டு கைகள் ஆறு மூடிகளை ஒரே சமயத்தில் அறைந்தன. ஃப்யூஸ் குத்துக்காலிட்டபடி தவளையை ஆட்டினார், நட்சத்திரத்தை ஆட்டினார், விசில் அடித்தார். வியர்வை ஆறாக ஓடியது. ஒரு நொடி நிறுத்தினால் வெளியே உதடுகள் பிதுங்கின. நேரம் போனதே தெரியவில்லை.

"பதினொண்ணு!" என்றார் சர்வேயர். "எல்லாரும் கேக் பக்கம் வாங்க. உயரமானவங்க பின்னால."

குழந்தைகளை ஆளுக்கொருவராகத் தூக்கிப் போனார்கள். ஃப்யூஸ் பின்கதவைத் தள்ளினார். அசையவில்லை. முதுகால் தள்ளினார். அத்தைமார்கள் பேச்சு சுவாரஸ்யத்தில் இருந்தார்கள். "கதவு! கதவு!" என்று கத்தினார்.

"மெஷின் இன்னும் பேசுது பாரேன், கெட்டிக்காரர்தான்," என்றாள் ஒரு அத்தை.

ஊசி ஓட்டை வழியாகப் பார்த்தார். சற்றுத் தூரத்தில் கேக். பக்கத்தில் வாண்டு, மாப்பிள்ளை, மனைவி. மகள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தாள்.

"அப்பா எங்க?"

"பெட்டிய விட்டு அப்பவே வந்திருப்பாரு. எங்கயாவது எதையாவது ரிப்பேர் பண்ணிட்டிருப்பாரு," என்றாள் அம்மா.

"வெளிச்சம் போகுது," என்றார் சர்வேயர். "சம்பந்தி அடுத்த படத்துல வரட்டும்."

மகள் தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றாள். அதை அவள் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. பழக்கம்.

ஃப்யூஸ் பார்த்தார். முன்னால் நீலத் திரை. மூன்று வார உழைப்பு. எத்தனையோ பையன்களின் உதையிலிருந்து அவர் காப்பாற்றிய திரைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்றில்கூடக் கீறல் விழ விட்டதில்லை.

தலையைக் குனிந்து முட்டினார்.

'டர்ர்ர்' என்று சார்ட் பேப்பர் கிழிந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவில், தவளை இருந்த இடத்தில், வியர்த்துக் கொட்டும் ஒரு வழுக்கைத் தலை வெளியே வந்தது. காதில் ஒரு நட்சத்திரம் தொங்கியது.

"நான் இங்கதான் இருக்கேன்!"

வாண்டு முதலில் அசைந்தாள். நேராக வந்து விரலை நீட்டி அவர் மூக்கை அழுத்தினாள்.

"டுயிங்," என்றது தலை.

அவ்வளவுதான். வாண்டு மூடிகள் மேல் கால் வைத்துத் திரைக்குள் ஏறிவிட்டாள். பின்னாலேயே மற்ற ஐந்தும். பெட்டி வயிறு புடைத்தது. மகள் கத்தியை மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தவள், முப்பத்து நான்கு வயதையும் புதுப் புடவையையும் மறந்து ஒரு காலை உள்ளே விட்டாள்.

"நகருங்கப்பா."

"ஏய், பெட்டி தாங்காதும்மா!"

"தாங்கும். சின்ன வயசுல கடைக்குக் கூட்டிட்டுப் போனா என்னை எங்க தூங்க வைப்பீங்க? ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. கடைசி மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாக்கை விரித்துப் போட்டிருப்பார். மெஷினின் முதுகிலிருந்து இதமான சூடு வரும். தூசி சூடாகும் வாசனை வரும். அவள் அதில் ஒண்டிக்கொண்டு, நூறு பையன்கள் கத்தினாலும் அசையாமல் தூங்குவாள். ஆனால் அது அவளுக்கும் நினைவிருக்கும் என்று அவர் எண்ணியதில்லை. அவள் நினைவில் இருப்பதெல்லாம் தான் இல்லாத படங்கள்தான் என்றே இத்தனை வருஷம் இருந்துவிட்டார்.

மகள் அவர் தோளில் சாய்ந்தாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அதே சூடுப்பா," என்றாள்.

"ஃப்யூஸ் போயிருக்கும்," என்றார் அவர்.

"கோட்டுக்குள்ள யாருமே இல்லையே! இத எப்படி எடுக்கிறது?" என்று சர்வேயர் தவித்தார். டேப்பைக் கீழே போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அளவு பார்க்காமல் மண்டியிட்டு, கிழிந்த திரைக்கு நேராகக் காமிராவைப் பிடித்தார். ஃப்யூஸின் மனைவியும் மாப்பிள்ளையும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஓடிவந்து நின்றார்கள். 'க்ளிக்.' அடுத்த நொடி பெட்டி பக்கவாட்டில் பிளந்து, எல்லோரும் மூட்டை அவிழ்ந்த மாதிரி ஹாலில் சிதறினார்கள். ஒருவருக்கும் அடியில்லை, ஒருவரும் அழவில்லை.

ஒரு வாரம் கழித்துப் படம் அச்சாகி வந்தது. ஃப்யூஸ் நடுவில் இருந்தார். தலை வெட்டப்படவில்லை. காதில் நட்சத்திரத்தோடு முழுசாக இருந்தார். மனைவி படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"முழங்கையத்தான் காணோம்," என்றாள்.

மகள் அதைப் பழைய ஆல்பத்திலேயே, கடைசிப் பக்கத்தில் ஒட்டினாள். எல்லோரும் இருந்தார்கள். படம் எடுத்த சம்பந்தி மட்டும் இல்லை. ஃப்யூஸ் கொஞ்ச நேரம் அந்தப் படத்தின் ஓரத்துக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பால் பாயிண்ட் பேனாவை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு மெதுவாக வரைந்தார். குச்சிக் கை, குச்சிக் கால், கழுத்தில் ஒரு காமிரா.

தலையை மட்டும் வேண்டுமென்றே பாதியோடு நிறுத்திவிட்டார்.